அப்பாவின் கம்பும் 0.382-உம்

போன டிசம்பர் முதல் வாரம், கடைக் கண்ணாடியில் ஒட்டுவதற்கு ஒரு நட்சத்திரம் வெட்டினேன். சிவப்பு வினைல், ஒன்றரை அடி அகலம். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் நட்சத்திரக் கருவியை எடுத்து, ஓர் இழுப்பு இழுத்து, வெட்டும் பிளாட்டருக்கு அனுப்பினேன். ஒட்டி முடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சாயங்காலம் கடைக்கு வந்த அப்பா உள்ளே ஏறாமல் படியிலேயே நின்று அதைப் பார்த்தார்.

“இது நம்ம ஸ்டார் இல்லியே மக்ளே” என்றார். “வயிறு பெருத்துல்லா போச்சு.”

நான் நாகர்கோவிலில் ஒரு சின்ன டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாண அழைப்பிதழ், கொடை விழா நோட்டீஸ், வண்டி ஸ்டிக்கர், கடைப் பெயர்ப்பலகை என்று எது வந்தாலும் செய்வேன். அப்பா தச்சுவேலை செய்தவர். இப்போது வேலைக்குப் போவதில்லை. ஆனால் நவம்பர் கடைசி வந்தால் மூங்கில் பிளாச்சுகளைத் திண்ணையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். தெருவில் மற்ற வீடுகளில் எல்லாம் கடையில் வாங்கிய மடிப்பு நட்சத்திரம் தொங்கும். எங்கள் வீட்டில் இன்றும் கம்பில் கட்டியதுதான். 40 வருடமாக அதே வடிவம். அவர் “நம்ம ஸ்டார் இல்லை” என்றால் இல்லைதான். எங்கே மாறிப்போனது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. அன்று ராத்திரி கடையைப் பூட்டாமல் அதைத் தேடிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இந்தப் பதிவு அங்கிருந்து தொடங்கியது.

முதலில் அப்பாவின் முறையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டடி நீளத்தில் ஒரே அளவாகப் பத்துக் கம்பு. ஐந்து கம்பை எடுத்து, சின்னப் பிள்ளைகள் கையை எடுக்காமல் நட்சத்திரம் வரைவார்களே, அந்த மாதிரி ஒன்றின் நுனியில் அடுத்ததன் நுனியை வைத்துக் கட்டுவார். அது ஒரு முகம். மீதி ஐந்தில் இன்னொரு முகம். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளிலும் சேர்த்துக் கட்டுவார். உள்ளே கம்புகள் ஒன்றையொன்று வெட்டும் ஐந்து இடங்களில், முன்முகத்துக்கும் பின்முகத்துக்கும் நடுவே சாண் நீளக் குச்சி ஒவ்வொன்றை நெட்டுக்குத்தாக நிறுத்துவார். நட்சத்திரம் உப்பிக்கொள்ளும். பல்பு தொங்க இடம் கிடைக்கும். பிறகு தாளும் மைதாப் பசையும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ஒரு கம்பு ஒரு முனையில் தொடங்கி, நட்சத்திரத்தின் உடம்பைக் கடந்து, இன்னொரு முனையில் போய் முடிகிறது. நடுவில் வளையாது. ஆகவே ஒரு கதிரின் பக்கவாட்டுக் கோட்டை நீட்டினால் அது எதிரே உள்ள கதிரின் பக்கவாட்டுக் கோட்டோடு ஒரே வரியில் சேர்ந்தே ஆக வேண்டும். என் கடைக் கண்ணாடியில் ஒட்டிய நட்சத்திரத்தின்மேல் ஒரு இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். சேரவில்லை. இடது கதிரின் மேல்விளிம்பில் வைத்த ஸ்கேல், வலது கதிரின் விளிம்பைத் தொடாமல் விலகிப் போனது. கண் எதையோ தப்பு என்று சொல்லிக்கொண்டிருந்ததற்கு இதுதான் காரணம்.

இங்க்ஸ்கேப்பில் நட்சத்திரக் கருவியை எடுத்ததும் மேலே ஒரு பட்டை வரும். (விசைப்பலகையில் நட்சத்திரக் குறியை அழுத்தினாலே கருவி வந்துவிடும்.) அந்தப் பட்டையில் முதலில் இரண்டு படங்கள்: ஒன்று பலகோணம், மற்றது நட்சத்திரம். அடுத்து ‘கார்னர்ஸ்’, அதாவது எத்தனை முனை. அதற்கடுத்து ‘ஸ்போக் ரேஷியோ’ என்று ஒரு பெட்டி. நடுப்புள்ளியிலிருந்து உள்குழி (இரண்டு கதிர்களுக்கு நடுவே உள்ளடங்கிய மூலை) வரை உள்ள தூரத்தை, நடுப்புள்ளியிலிருந்து முனை வரை உள்ள தூரத்தால் வகுத்தால் என்ன வருமோ அது. யாரும் தொடாதவரை அதில் 0.5 என்று இருக்கும். குழி பாதித் தூரத்தில் நிற்கிறது என்று அர்த்தம். அப்படி வரைந்தால் ஒவ்வொரு முனையும் ஏறக்குறைய 52½ பாகை விரிந்து நிற்கும். கம்பில் கட்டிய நட்சத்திரத்தின் முனை 36 பாகைதான். அப்பா சொன்ன ‘வயிறு’ அந்த 0.5-இல் இருக்கிறது.

கம்பு நேராக ஓட வேண்டுமானால் அந்தப் பெட்டியில் 0.382 என்று போட வேண்டும். போட்டேன். திரையில் நட்சத்திரம் உடனே இடுப்பு சிறுத்து நின்றது. ஸ்கேலைத் திரைமேலேயே வைத்துப் பார்த்தேன். ஐந்து கோடும் முனைக்கு முனை ஒரே வரியில் ஓடின.

இது ஏதோ என் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். இல்லஸ்ட்ரேட்டர், ஃபிக்மா என்று வேறு வரைகலை மென்பொருள்களும் உண்டு. இல்லஸ்ட்ரேட்டரில் நட்சத்திரத்தை இழுக்கும்போது ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டால் எதிரெதிர் விளிம்புகள் தாமாக ஒரே வரியில் வந்துவிடும். அந்த விசைதான் அப்பாவின் கம்பு. ஃபிக்மாவில் நட்சத்திரம் வரைந்தால் முதலிலேயே 38.2 சதவீதத்தில்தான் வரும். அதை வைத்தவருக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்கிறது. இங்க்ஸ்கேப்பில் அப்படி ஒரு விசை இல்லை, எண்ணை நாமே போட வேண்டும். எனக்கு அதில் குறையும் இல்லை. எண்ணைக் கையால் போட்டதால்தான் அது என்ன எண் என்று கேட்கத் தோன்றியது.

கணக்கு இப்படி. 180-ஐ முனைகளின் எண்ணிக்கையால் வகுக்கவும். ஐந்து முனைக்கு 36 வரும். கம்பு எத்தனையாவது முனைக்குப் போகிறது என்று பார்க்கவும். நம் நட்சத்திரத்தில் பக்கத்து முனையை விட்டு இரண்டாவது முனைக்குப் போகிறது. எனவே 36-ஐ இரண்டால் பெருக்கி 72. அதைவிட ஒன்று குறைத்துப் பெருக்கினால் 36. 72 பாகையின் கொசைனை 36 பாகையின் கொசைனால் வகுத்தால் 0.382. பத்தாம் வகுப்பில் கொசைன் அட்டவணையை மனப்பாடம் செய்தபோது இது எதற்கு என்று யாரும் எனக்குக் காட்டவில்லை. ஒரு நட்சத்திரத்தை வைத்துக் காட்டியிருக்கலாம்.

இதே கணக்கை ஆறு முனைக்குப் போட்டால் 0.577 வரும். இது எனக்கு அடிக்கடி வேண்டியது, ஏனென்றால் வைகாசி விசாக நோட்டீஸ்களில் முருகனின் அறுகோணம் இல்லாமல் இருக்காது. ஆறு முனைகளில் ச, ர, வ, ண, ப, வ என்று ஆறு எழுத்து, நடுவில் வேல் அல்லது ஓம். பல வருடம் இதையும் 0.5-இல் வரைந்து கொடுத்திருக்கிறேன். இரண்டு முக்கோணம் ஒன்றன்மேல் ஒன்று பொருந்திய வடிவம்தான் அறுகோணச் சக்கரம். 0.5-இல் அந்த இரண்டு முக்கோணங்களும் கிடைக்காது; கோடுகள் நடுவில் ஒடிந்து நிற்கும். கோயில்காரர்கள் யாரும் குறை சொன்னதில்லை. ஆனாலும் தெரிந்த பிறகு பழைய கோப்புகள் எல்லாவற்றையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து திருத்தினேன். வழிபடுகிற ஒரு வடிவத்தை ஒடிந்த கோட்டில் கொடுக்க மனம் ஒப்பவில்லை.

ஏழு, எட்டு முனைகளுக்குப் போனால் தேர்வு நம் கையில் வந்துவிடும். ஏழு முனையில் கம்பு இரண்டாவது முனைக்குப் போனால் 0.692, மூன்றாவதுக்குப் போனால் 0.357. முதலாவது பூ மாதிரி அகலமாக இருக்கும், இரண்டாவது ஊசி மாதிரி. எட்டு முனையில் 0.765 போட்டால் இரண்டு சதுரங்கள் பொருந்திய நட்சத்திரம், 0.541 போட்டால் கூர்மையானது. இந்த எண்களை ஒரு அட்டையில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். எல்லா நட்சத்திரமும் நேர்க்கோட்டில் ஓடியே தீர வேண்டும் என்று சட்டம் இல்லைதான். ஆஸ்திரேலியக் கொடியில் உள்ள நட்சத்திரங்களுக்கு உள்விட்டம் வெளிவிட்டத்தில் 9-இல் 4 பங்கு, அதாவது 0.444 என்றே விதி. அது அந்தக் கொடிக்காகத் தீர்மானித்த எண். தீர்மானித்துப் போட்டால் எந்த எண்ணும் சரிதான். பெட்டியைப் பார்க்காமலே விட்டுவிடுவதைத்தான் நான் இனிமேல் செய்வதில்லை.

ஏழு முனை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. பள்ளியில் காம்பஸும் ஸ்கேலும் வைத்து ஐங்கோணம் போடலாம், அறுகோணம் போடலாம். ஒழுங்கான எழுகோணம் மட்டும் அவற்றால் துல்லியமாகப் போடவே முடியாது. முயற்சி போதாது என்பதல்ல, முடியாது என்றே நிரூபித்திருக்கிறார்கள். ஆனால் 17 பக்கம் உள்ளதைப் போட முடியும் என்று 1796-இல், 18 வயதில், காஸ் என்ற கணித மேதை கண்டுபிடித்தார். இங்க்ஸ்கேப்பில் 7 என்று தட்டினாலும் 17 என்று தட்டினாலும் ஒரே நொடி. பெத்லகேமில் இயேசு பிறந்த இடம் என்று காட்டுகிற குகைத் தரையில் பதித்த வெள்ளி நட்சத்திரத்துக்கு 14 முனை. போன வருடம் ஒருவர் அதேபோல வேண்டும் என்று கேட்டு வந்தபோது, 14 என்று தட்டும்போது ஒரு நிமிடம் கையை எடுத்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு எளிதாக வருகிறதே என்று.

அந்த ஊசி மாதிரி ஏழு முனை நட்சத்திரத்தில் எனக்கு ஒரு சிக்கல் வந்தது. வெறும் வண்ணம் நிரப்பினால் கூர்மையாக இருக்கிறது; தடித்த வெளிக்கோடு கொடுத்தால் ஏழு முனையும் வெட்டுப்பட்டு மொட்டையாகிவிடுகிறது. ஐந்து முனை நட்சத்திரத்தில் அதே தடிமனுக்கு இப்படி ஆவதில்லை. காரணம், கோடுகள் சேரும் இடத்தில் முனை எவ்வளவு தூரம் நீளலாம் என்பதற்கு ஒரு வரம்பு இருக்கிறது. ‘மைட்டர் லிமிட்’ என்ற பெட்டியில் 4 என்று இருக்கும். கோட்டின் தடிமனைப்போல நான்கு மடங்குக்குமேல் முனை நீள வேண்டியிருந்தால் அதை வெட்டிவிடும். 36 பாகை முனைக்குத் தேவை ஏறக்குறைய 3.24 மடங்கு, தப்பித்தது. ஏழு முனையின் கூர்மை 25.7 பாகை, அதற்கு 4.49 மடங்கு வேண்டும், மாட்டிக்கொண்டது. வரம்பை 5 ஆக்கினால் ஏழு முனையும் திரும்பி வந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு மத்தியானம் போயிற்று. உங்களுக்குப் போக வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

கைப்பிடிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வரைந்த நட்சத்திரத்தில் இரண்டு சின்னப் பிடிகள் தெரியும்: ஒன்று முனையில், ஒன்று குழியில். குழிப் பிடியை வெறுமனே இழுத்தால் விகிதம் மட்டும் மாறாது, நட்சத்திரமே முறுக்கிக்கொண்டு ரம்பச் சக்கரம் மாதிரி ஆகிவிடும். கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் முறுக்காது. ஏற்கெனவே முறுக்கியிருந்தால் அந்தப் பிடியில் கன்ட்ரோலோடு ஒரு கிளிக் போதும், நேராகிவிடும். ஷிஃப்டோடு இழுத்தால் முனைகள் வளைந்து பூவாகும். ஆல்ட்டோடு இழுத்தால் ஒவ்வொரு முனையும் ஒவ்வொரு பக்கம் சிதறும். பட்டாசுக் கடை விளம்பரத்தில் “தள்ளுபடி” என்று எழுத அந்தச் சிதறல் நன்றாக இருக்கும். முதலில் வரையும்போதே கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டால் 15 பாகைக்கு ஒருமுறை நின்று நின்று திரும்பும், ஒரு முனையைச் செங்குத்தாக நிறுத்துவது எளிது.

பலகோணத்துக்கு ஒரே பிடிதான், விகிதப் பெட்டி மறைந்துவிடும். அதில் என் அனுபவம் ஒன்றே ஒன்று: தேன்கூடு மாதிரி சுவரில் ஒட்ட ‘ஆறு இஞ்ச் அறுகோணம்’ கேட்டு யார் வந்தாலும், மூலைக்கு மூலை ஆறா, பக்கத்துக்குப் பக்கம் ஆறா என்று முதலில் கேட்டுவிடுங்கள். மூலைக்கு மூலை 6 என்றால் பக்கத்துக்குப் பக்கம் 5.2 தான் வரும். நாற்பது துண்டு ஒட்டும்போது அது எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி நான் அதிகம் தடுமாறிய இடம். நட்சத்திரத்தின் நடு எங்கே?

ஒரு விளையாட்டுக் குழுவுக்கு வட்டமான சின்னம் செய்தேன். வட்டத்துக்குள் ஐந்து முனை நட்சத்திரம். இரண்டையும் தேர்ந்தெடுத்து நடுவில் சீராக்கும் பொத்தானை அழுத்தினேன். நட்சத்திரம் கீழே இறங்கி உட்கார்ந்தது. தலைக்கு மேலே இடம் அதிகம், கால்கள் வட்டத்தை முட்டுகின்றன. கண்ணின் மாயை என்று முதலில் நினைத்தேன். அளந்தால் உண்மைதான். மென்பொருள் நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு கண்ணுக்குத் தெரியாத செவ்வகத்தைப் போட்டு, அந்தச் செவ்வகத்தின் நடுவைத்தான் நடு என்று எடுத்துக்கொள்கிறது. நிமிர்ந்து நிற்கும் நட்சத்திரத்தின் தலை நடுப்புள்ளியிலிருந்து முழுத் தூரம் மேலே இருக்கிறது. கால்களோ அந்தத் தூரத்தில் 0.809 பங்குதான் கீழே இருக்கின்றன. ஆகவே செவ்வகத்தின் நடு உண்மையான நடுவுக்கு மேலே விழுகிறது. முனை வரை 10 சென்டிமீட்டர் உள்ள நட்சத்திரத்தில் இந்த வித்தியாசம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். ஸ்டிக்கரில் அது பளிச்சென்று தெரியும்.

நான் செய்யும் வழி இது: ஐந்து முனையையும் தொடுகிற மாதிரி நிறமில்லாத ஒரு வட்டத்தை நட்சத்திரத்தோடு சேர்த்துக் குழுவாக்கிவிடுவேன். இனி அந்தக் குழுவின் நடுதான் நட்சத்திரத்தின் நடு. சீராக்கினாலும் சுழற்றினாலும் ஆடாது.

அறுகோணச் சக்கரத்திலும் இதே சிக்கல்தான். இரண்டு முக்கோணமாக வரைந்து கோடுகளை மேலும் கீழுமாகப் பின்ன வேண்டும் என்றால் நட்சத்திரக் கருவி உதவாது, பலகோணத்தில் மூன்று மூலை போட்டு இரண்டு எடுக்க வேண்டும். ஒன்றைப் படியெடுத்துத் தலைகீழாகப் புரட்டினால் இரண்டும் ஒரே செவ்வகத்துக்குள் அடங்கி, ஒன்றின் உச்சி மற்றதன் அடிக்கோட்டில் முட்டிக்கொண்டு நிற்கும். சக்கரம் வராது. புரட்டியதை முக்கோணத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு கீழே இறக்க வேண்டும். இறக்கியதும் ஆறு சிறு முக்கோணங்களும் நடுவில் ஓர் அறுகோணமும் கச்சிதமாக வந்து நிற்பதைப் பார்க்க எனக்கு இன்றும் மகிழ்ச்சியாக இருக்கும்.

வினைல் வெட்டுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 0.382 தெரியாத காலத்தில் நேர்க்கோடு வேண்டும் என்று நான் பேனாக் கருவியால் ஐந்து கிளிக்கில், கை எடுக்காமல் வரைகிற மாதிரியே நட்சத்திரம் போட்டதுண்டு. திரையில் முழுச் சிவப்பாக அழகாகத் தெரிந்தது. பிளாட்டரின் கத்திக்கு நிறம் தெரியாது, கோடு மட்டும்தான் தெரியும். உள்ளே வெட்டிக்கொள்ளும் கோடுகள்மேலும் கத்தி போயிற்று. சுற்றியுள்ள வினைலைப் பிய்த்தெடுத்தபோது நட்சத்திரம் ஐந்து முக்கோணமும் ஒரு ஐங்கோணமுமாக ஆறு துண்டாக வந்தது. அப்படி வரைந்ததை வெட்டுவதற்கு முன் ‘பாத்’ பட்டியலில் உள்ள ‘யூனியன்’ கொடுத்தால் உள்கோடுகள் மறைந்து வெளிவிளிம்பு மட்டும் மிஞ்சும். கோரல்டிராவில் ‘காம்ப்ளெக்ஸ் ஸ்டார்’ என்று ஒரு கருவி இருக்கிறதே, அதுவும் இப்படித் தன்னைத் தானே வெட்டிக்கொள்ளும் கோடுதான்; அச்சுக்கு நல்லது, கத்திக்கு ஆகாது.

இன்னொன்று. ஷிஃப்ட், கன்ட்ரோல், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் நட்சத்திரம் சாதாரணக் கோட்டு வடிவமாக மாறிவிடும். அதற்குப் பிறகு அதில் முனை எண்ணிக்கையோ விகிதமோ இல்லை, வெறும் பத்துப் புள்ளிகள்தான். அதனால் மாற்றுவதற்கு முன் ஒரு படி எடுத்து வைப்பேன். முனையை மட்டும் லேசாக மழுக்க வேண்டும் என்றால் (கூரான வினைல் முனை ஒட்டும்போது எழும்பிக்கொள்ளும்) ‘கார்னர்ஸ்’ என்ற பாதை விளைவை (மேலே சொன்ன முனை எண்ணிக்கைப் பெட்டி அல்ல) பயன்படுத்தினால் நட்சத்திரம் நட்சத்திரமாகவே இருக்கும்.

ஒருமுறை ஆர்வத்தில், இங்க்ஸ்கேப் சேமித்துத் தரும் எஸ்விஜி கோப்பை நோட்பேடில் திறந்து பார்த்தேன். அந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் ‘சோடிபோடி’ என்ற பெயரோடு பக்கங்கள் 5 என்று எழுதியிருந்தது. கீழே இரண்டு ஆரங்கள், இரண்டு கோணங்கள். இங்க்ஸ்கேப் 2003-இல் சோடிபோடி என்ற பழைய மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது. மூத்ததன் பெயர் இன்னமும் ஒவ்வொரு நட்சத்திரத்தின் உள்ளேயும் எழுதப்படுகிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

இந்த வருடம் நவம்பர் கடைசியில் அப்பா வழக்கம்போலக் கம்பு கட்டினார். ஆனால் தாள் வெட்ட முடியவில்லை. கத்தரிக்கோல் பிடித்தால் வலது கை நடுங்குகிறது. “தாள மட்டும் நீ வெட்டித் தா மக்ளே” என்றார். முன்முகத்துக்கு ஐந்து முக்கோணம், நடுவில் ஒரு ஐங்கோணம், பின்முகத்துக்கும் அதே.

நிமிர்ந்த ஐந்து முனை நட்சத்திரத்தின் அகலம்தான் கம்பின் நீளம், ஏனென்றால் இடது கையிலிருந்து வலது கை வரை ஒரே கம்பு படுத்திருக்கிறது. எனக்கு இது வசதியாகப் போயிற்று. அகலத்தில் 24 அங்குலம் போட்டேன், விகிதம் 0.382. பிளாட்டரில் கத்தியைக் கழற்றிப் பேனாவை மாட்டி, சிவப்புத் தாளில் ஒட்டு விளிம்போடு துண்டுகளை வரைந்து, நானே கத்தரித்து வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

பொருந்தவில்லை. ஒவ்வொரு முக்கோணமும் கம்பைத் தாண்டி வெளியே நின்றது.

அப்பா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. டேப்பை எடுத்து முடிச்சிலிருந்து முடிச்சுவரை அளந்து காட்டினார். 23½. ஒவ்வொரு நுனியிலும் கால் அங்குலம் முடிச்சுக்குப் போய்விடுகிறது. பிறகு கம்பைத் திருப்பி, அதில் பென்சிலால் போட்டிருந்த இரண்டு கோடுகளைக் காட்டினார். இந்த முடிச்சிலிருந்து 9 அங்குலத்தில் ஒன்று, அந்த முடிச்சிலிருந்து 9 அங்குலத்தில் ஒன்று. நடுவில் ஐந்தரை.

“இது என்னதுக்குப்பா?”

“குச்சி நிறுத்துற இடம். கம்பு ரெண்டும் வெட்டுறது அங்கதான்.”

“ஒன்பதுன்னு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. முதல் தடவ கட்டினதுல அளந்து பாத்தேன். கம்பு நேரா இருந்தா அது அங்கதான் வரும்.”

நான் போனை எடுத்து 9-ஐ 23.5-ஆல் வகுத்தேன். 0.383. குழியின் தூரத்தை முனையின் தூரத்தால் வகுத்தால் வருகிற அதே எண், கம்பின் நீளத்தில் முனையிலிருந்து வெட்டும் இடம் வரை உள்ள பங்காகவும் வருகிறது. ஐந்து முனை நட்சத்திரத்தில் அது அப்படித்தான் அமையும். ஒரு வருடமாக நான் திரையில் தட்டிக்கொண்டிருந்த எண், எனக்கு முன்னால் 40 வருடமாகத் திண்ணையில் பென்சில் கோடாக இருந்திருக்கிறது. அவரிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். “ம்” என்றார். “இப்ப போய்ச் சரியா வெட்டிட்டு வா. பசை காஞ்சு போவும்.”

கடைக்குத் திரும்பிப் போய் அகலத்தை 23.5 ஆக்கினேன். வேறு எதையும் தொடவில்லை. ஒன்பதரை மணிக்குத் தாளோடு வந்து, அவர் பசை தடவத் தடவ நான் ஒட்டினேன். முக்கோணத்தின் விளிம்பு கம்பின்மேல் படுத்தது. ஐங்கோணத்தின் ஐந்து மூலையும் ஐந்து பென்சில் கோட்டில் உட்கார்ந்தன. பின்முகத்துக்கு மஞ்சள் தாள் வேண்டும் என்றார், அது நாளைக்கு. கோப்பை ‘அப்பா 23.5’ என்று பெயர் வைத்துச் சேமித்திருக்கிறேன்.